பாடி எப்ப வரும்?

2024 ஜூன் 14ஆம் தேதி காலை, இந்திய விமானப்படையின் சி-130ஜே விமானம் ஒன்று கொச்சியில் வந்து இறங்கியது. உள்ளே 45 இந்தியர்களின் உடல்கள் இருந்தன. அதற்கு இரண்டு நாள் முன்னால், 12ஆம் தேதி விடியற்காலையில், குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. பெரும்பாலானோர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். புகையில் மூச்சடைத்து ஐம்பது பேர் அளவுக்கு இறந்துபோனார்கள். கொச்சியில் 31 உடல்கள் இறக்கப்பட்டன: கேரளத்தவர் 23 பேர், தமிழ்நாட்டவர் 7 பேர், கர்நாடகத்தவர் ஒருவர். மீதி உடல்களோடு விமானம் டெல்லிக்குப் போனது. தமிழ்நாட்டு ஏழு பேரில் ஒருவர் சென்னை ராயபுரத்துக்காரர்.

அந்த இரண்டு நாளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். வெளியுறவு இணையமைச்சர் கீர்த்தி வர்தன் சிங் குவைத்துக்குப் போனார். அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிய உடல்களுக்கு மரபணுச் சோதனை நடந்தது. குவைத் அரசின் சான்றிதழ்களும் இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்றுகளும் நாற்பத்தைந்து பேருக்கும் தயாராயின. தமிழ்நாட்டின் சார்பில் அன்றைய அயலகத் தமிழர் நலத்துறை அமைச்சர் செஞ்சி மஸ்தான் கொச்சியில் காத்திருந்தார். ஏழு உடல்களும் தனித்தனி வண்டிகளில் அவரவர் ஊருக்குப் போயின. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தார். அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வளைகுடாவில் சாகிறவர்கள் ஐம்பது ஐம்பதாகச் சாவதில்லை. ஒருவர் சாரத்திலிருந்து விழுகிறார். ஒருவர் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி என்ற அமைப்பு திரட்டிய கணக்குப்படி, 2012 தொடங்கி 2018 நடுப்பகுதி வரை ஆறு வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் குறைந்தது 24,570 பேர். நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இவர்களுக்காக விமானப்படை போகாது, அமைச்சர் காத்திருக்கமாட்டார். செய்தி பெரும்பாலும் அறையில் கூட இருந்தவரின் வாட்ஸ்அப் அழைப்பாகத்தான் வீட்டுக்கு வருகிறது. முதல் அழுகை ஓய்ந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பாடி எப்ப வரும்?”

இதற்கான பதில் சில நாளாகவும் இருக்கலாம், சில வாரமாகவும் இருக்கலாம். சவூதியில் மாதக்கணக்கில் இழுத்த சாவுகளும் உண்டு. அந்தந்த நாட்டு நடைமுறை, தூதரகத்தின் சுறுசுறுப்பு, பண வசதி என்று இந்த வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்த விஷயத்தைத் தொடர்ந்து பார்க்கிற எனக்கு முதன்மையாகப் படுவது வேறொன்று. உடல் எத்தனை நாளில் வரும் என்பது, அந்த மனிதர் உயிரோடு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய அன்றைக்கே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த விசாவில் போனார், யார் அனுப்பினார்கள், காகிதத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, காப்பீடு எடுத்தாரா, வீட்டில் எதன் நகலை வைத்துவிட்டுப் போனார் என்பவைதான் அந்த நாள்கணக்கை எழுதுகின்றன.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஏனென்றால் இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு விதம். மணலி சுத்திகரிப்பு ஆலையின் நிறுவனம் 1965இல் எம்.ஆர்.எல். என்று தொடங்கியது, இன்று சி.பி.சி.எல். அதைச் சுற்றி உரத் தொழிற்சாலை, இரசாயன ஆலைகள். எண்ணூரில் லேலண்ட், 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, ஒருகாலத்தில் விம்கோ தீப்பெட்டி. நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, ஒப்பந்தக்காரரிடம், ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ‘ஷட்டவுன்’ வேலை பழகிய வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுபவர் என்று ஒரு பெரிய கூட்டம் இங்கே உருவானது. மணலியில் குழாய் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு சவூதியின் ஜுபைலிலும் அமீரகத்தின் ருவைஸிலும் அதே வேலை, கூடுதல் சம்பளம். இது ஒரு விதம். இன்னொரு விதம் கப்பலுக்குப் போகிறவர்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி வளர்ந்த பையன்கள் மாலுமியாகவும் ஆயிலராகவும் சமையல்காரராகவும் கப்பல் ஏறுகிறார்கள். ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் கப்பல்காரர், அடுத்த வீட்டில் துபாய்க்காரர். இருவரும் ஒரே நாளில் இறந்துபோனால், இரண்டு வீட்டுக்கும் சட்டம் வேறுவேறு.

கப்பல்காரருக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலில் வேலை செய்யும்போது இறப்பவரின் இறுதிச் செலவு கப்பல் உரிமையாளருடையது. அந்தச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் உரிய நிதி உத்தரவாதச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம். உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தன. அவற்றின்படி, கப்பலில் இறந்தவரின் உடலையோ அஸ்தியையோ குடும்பத்தின் விருப்பப்படி ஊருக்கு அனுப்ப அரசுகள் உதவ வேண்டும். ஒவ்வொரு சாவும் பதிவாகி, ஆண்டுதோறும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு அறிக்கையாகப் போக வேண்டும். வெல்டரின் சாவுக்கு இப்படி ஓர் உலகப் பதிவேடு கிடையாது.

நடைமுறையிலும் கப்பல்காரரின் வீட்டாருக்கு ஒரு கதவு இருக்கிறது. அவரை அனுப்பிய நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் பெற்றதென்றால், அதற்கு இந்தியாவில் முகவரி உண்டு, பிணைத்தொகை உண்டு, போய்க் கேட்கலாம். சென்னையில் வணிகக் கடல்துறை அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம். கப்பல் நிறுவனத்தின் காப்பீட்டுச் சங்கம் அந்தந்தத் துறைமுகத்திலிருக்கும் தன் பிரதிநிதியை வைத்து மருத்துவமனை, போலீஸ், விமானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

சட்டம் இருந்தும் கை கட்டப்பட்ட காலமும் வந்திருக்கிறது. 2021 ஏப்ரலில், டர்பன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘இத்தால் லிபேரா’ என்ற சரக்குக் கப்பலின் இத்தாலியக் கேப்டன் நடுக்கடலில் இறந்தார். கோவிட் பயத்தில் ஆசியத் துறைமுகங்கள் பல அவருடைய உடலை இறக்க அனுமதி மறுத்தன. கடைசியில் கப்பலையே இத்தாலிக்குத் திருப்பவேண்டியதாயிற்று. உடல் கரைசேர இரண்டு மாதம் ஆனது. கேப்டனுக்கே இந்தக் கதி என்றால் ஆயிலருக்கு என்ன ஆகும் என்று அந்த நாட்களில் இங்கே கப்பல்காரர் வீடுகளில் பயந்தது நியாயம்தான்.

கப்பல்காரர்களிலேயே ஒரு கூட்டம் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. உரிமம் இல்லாத ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, சுற்றுலா விசாவில் துபாய் போய், அங்கிருந்து ஏதோ ஒரு இழுவைப் படகிலோ பார்ஜிலோ ஏற்றப்படுகிற இளைஞர்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது, முதலாளி யார், காப்பீடு இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. அங்கே ஒரு சாவு நடந்தால் அது கப்பல்காரரின் சாவாகவும் கணக்கில் வராது, தொழிலாளியின் சாவாகவும் வராது. தலைமை இயக்குநரகம் இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் தண்டையார்பேட்டையில் பணத்தை வாங்கிக்கொள்கிற ஆளை யாரும் அந்தப் பட்டியலில் தேடிப் பார்ப்பதில்லை.

வெல்டரின் வழி இன்னும் நீளமானது. வளைகுடாவில் இறப்பவரின் உடல் முதலில் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும். போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை. விபத்தோ சந்தேகமோ இருந்தால் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விடுவிக்க வேண்டும். இதில் பெரியவர் சின்னவர் கிடையாது. 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் ஓட்டலில் இறந்த நடிகை ஸ்ரீதேவியின் உடலும் அந்த அலுவலகம் கோப்பை முடிக்கும்வரை காத்திருந்துதான் 27ஆம் தேதி மும்பைக்குக் கிளம்பியது. பிறகு அந்நாட்டு இறப்புச் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகம். அங்கே பாஸ்போர்ட் ரத்துசெய்யப்படும். தடையில்லாச் சான்று கிடைக்கும். அதற்கு ஊரிலிருந்து குடும்பத்தின் சம்மதக் கடிதம் போயாக வேண்டும்: உடலை அனுப்புங்கள், அல்லது அங்கேயே அடக்கம் செய்யுங்கள். சவூதி என்றால் இன்னாருக்கு அதிகாரம் தருகிறோம் என்று சான்றுறுதி செய்த பத்திரம் வேறு. அதன்பின் உடல் கெடாமலிருக்க எம்பாமிங், மரப்பெட்டி, விமானச் சரக்குப் பதிவு. விமானக் கம்பெனிகள் இதற்கென்றே மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை வைத்திருக்கின்றன: எச்.யூ.எம். மனிதர் சரக்காகப் பதிவாகும்போது போடுகிற குறி அது.

செலவு யாருடையது? சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. சவூதியின் தொழிலாளர் சட்டம், உடலைத் தயார்செய்து அவர் வேலைக்கு எடுக்கப்பட்ட ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி தலையில் வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். சிங்கப்பூரில் வேலை அனுமதியின் நிபந்தனையிலேயே அது இருக்கிறது. சிக்கல், முதலாளி என்று ஒருவர் காகிதத்தில் இல்லாதபோதுதான். விசிட் விசாவில் போனவருக்கு முதலாளி இல்லை. கஃபீல் எனப்படும் விசா கொடுத்த முதலாளியிடமிருந்து விலகி வேறிடத்தில் வேலை பார்த்தவரைக் கஃபீல் ‘ஓடிப்போனவர்’ என்று பதிவுசெய்திருப்பார். அவருக்கும் முதலாளி இல்லை. இகாமா என்ற தங்கும் அனுமதி காலாவதியானவர் கதையும் அதுதான். உயிரோடு இருந்தபோது ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவ உதவிய அதே ஓட்டை, செத்தபிறகு பிணவறை வாசலில் குடும்பத்தை நிறுத்திவைக்கிறது.

அப்போதுதான் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதி வரும். 2009இல் தொடங்கி, பின்னர் எல்லா நாட்டுத் தூதரகங்களுக்கும் விரிந்த நிதி இது. வசதியற்றவர் என்று தெரிந்தால் உடலை அனுப்பும் செலவை இது ஏற்கும். இதை இனாம் என்று நினைத்துக் கூசுகிற குடும்பங்கள் உண்டு. கூசவேண்டியதில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் வாங்கவும் தூதரகத்தில் இந்தியர்கள் கட்டுகிற கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கிற காசுதான் அது. இறந்தவரும் அதில் தன் பங்கைப் போட்டிருப்பார்.

அரசு அலுவலகங்களுக்கு இடையிலான தூரத்தைப் பெரும்பாலும் தனிமனிதர்கள்தான் நடந்து கடக்கிறார்கள். அஜ்மானில் இருக்கும் கேரளத்துக்காரர் அஷ்ரப் தாமரசேரி இப்படி ஆயிரக்கணக்கான உடல்களை ஊர்களுக்கு அனுப்பிவைத்தவர். ஸ்ரீதேவியின் காகிதங்களுக்கும் அவர்தான் அலைந்தார். 2015இல் பிரவாசி பாரதிய சம்மான் அவருக்குக் கொடுக்கப்பட்டது. தமிழர்களிலும் ரியாத்திலும் தம்மாமிலும் குவைத்திலும் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். தங்கள் விடுமுறை நாளைப் பிணவறையில் கழிப்பவர்கள். சரக்குக் கட்டணத்தைக்கூட இவர்கள் போட்ட சத்தத்தால்தான் ஓரளவு ஒழுங்குபடுத்தினார்கள். உடலையும் பெட்டியையும் எடைபோட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்த ஏர் இந்தியா, 2019 ஜனவரியில்தான் நாட்டுக்கொரு நிலையான கட்டணத்துக்கு மாறியது. அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. இறந்த தகப்பனைத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்ற செய்தியைக் கேட்ட பிள்ளைகள் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

இனி நான் நின்று பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். அது சாவின் காரணம்.

வளைகுடாச் சான்றிதழ்களில் மிகப் பெரும்பாலும் எழுதப்படும் காரணம் இயற்கை மரணம், அல்லது இதயம் நின்றது. எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஐம்பது டிகிரி வெயிலில் பத்து மணிநேரம் நின்ற முப்பது வயதுக்காரரின் இதயம் ஏன் நின்றது என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை. பல தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ‘வைட்டல் சைன்ஸ்’ என்ற பெயரில் 2022இல் வெளியிட்ட ஆய்வு, தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வளைகுடா சென்றவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் வரை இறப்பதாகவும், அதில் பாதிக்கு மேல் சரியான காரணம் சொல்லப்படாத சாவுகள் என்றும் சொன்னது.

‘இயற்கை மரணம்’ என்ற இரண்டு சொல் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. வெளிநாடு போகும் தொழிலாளருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு 2003இல் தொடங்கியது. இன்று பத்து லட்சம் ரூபாய்க்கான அந்தக் காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுத் தவணை 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். ஒரு பிரியாணி விலை. ஆனால் அந்தப் பத்து லட்சம் விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. இயற்கை மரணம் என்று எழுதிவிட்டால் அதைக் கேட்க வழியில்லை.

இதில் வடசென்னைக்காரருக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. இந்தக் காப்பீடு கட்டாயமாவது, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத்தான். அதாவது பத்தாம் வகுப்பு தேறாதவர், பட்டியலிலுள்ள பதினெட்டு நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போனால். பத்தாவது முடித்து, வடசென்னை அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து வெளியே வந்த பையனுக்கு அந்த அனுமதி வேண்டாம். அந்த அனுமதியைத் தரும் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் வாசலை அவன் மிதிப்பதே இல்லை. அவனுடைய ஒப்பந்தத்தை இந்தியாவில் எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. காப்பீட்டையும் யாரும் கட்டச் சொல்வதில்லை. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் காலத்து எண்ணம் இது. இன்றைக்கு வளைகுடாவில் சாரத்தின்மேல் நிற்பவர்களில் பத்தாவது தேறியவர்கள் ஏராளம். அவர்கள் விழுந்தால் தாங்க அந்த 275 ரூபாய்க் காகிதமும் இல்லை.

காரணத்தில் சந்தேகம் வந்தால் குடும்பம் என்ன செய்ய முடியும்? “இங்க வந்ததும் ஸ்டான்லில போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கலாம்” என்று சுற்றத்தார் சொல்வார்கள். போலீசில் புகார் கொடுத்து, பெட்டியை நேரே ராயபுரத்தின் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியும்தான். எலும்பு முறிவும் காயமும் அப்போதும் தெரியும். ஆனால் விமானத்தில் ஏற்ற வேண்டுமென்றால் உடலுக்கு எம்பாமிங் செய்தாக வேண்டும். அதற்குச் செலுத்தும் ஃபார்மலின் உடலின் நீர்மங்களில் கலந்துவிட்டால் மதுவோ சிலவகை நஞ்சோ இருந்ததா என்பதை இரத்தப் பரிசோதனையால் நம்பகமாகச் சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் இருப்பவர்கள் அங்கே எம்பாமிங் நடக்கும் முன்பே, தூதரகத்தின் வழியாக எழுத்தில் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் உடல் வருவது தள்ளிப்போகும். சீக்கிரம் முகம் பார்க்க வேண்டுமா, உண்மை தெரிய வேண்டுமா என்று ஒரு தாயை இந்த நடைமுறை தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அவள் எதைச் சொல்வாள் என்று நமக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு. நிலுவைச் சம்பளம் எல்லாம் பெற்றுக்கொண்டோம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உடனே அனுப்புகிறோம் என்று பேரம் பேசுவது அந்தத் தெம்பில்தான்.

இந்தக் கடற்கரைக்கு இவ்வகைப் பிரிவு புதிதல்ல. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பீஜிக்கும் போனவர்களில் வழியில் இறந்தவர் உடல் கடலுக்குப் போனது. தோட்டத்தில் இறந்தவர் உடல் தோட்டத்து மண்ணுக்கு. ஊருக்கு வந்தது பெயரும், அவர் விட்டுச்சென்ற சொற்பப் பணமும்தான். அந்தப் பட்டியலைச் சென்னையில் பெற்றுக்கொண்ட அதிகாரியின் பதவிப்பெயர் குடியேற்றப் பாதுகாவலர். அதே பெயரில்தான் இன்றும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. பிறகு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் ஏறக்குறைய அரைநூற்றாண்டு ஓடியது. அந்தக் காலத்திலும் உடல் வரும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. தந்தி வந்தால் தலைமுழுகினார்கள். விமானம் வந்தபிறகுதான் உடல் வரும் என்ற நம்பிக்கை வந்தது. வராவிட்டால் தாங்கமுடியாது என்ற நிலையும் அதோடு வந்தது.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளிவைக்கும் கடமையை மட்டும் துறக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. எங்கே திரிந்தாலும் உன் சாவுக்கு வந்துவிடுவேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தச் சமாதியின் பக்கத்துத் தெருக்களில் இன்று தாய்தான் மகனுக்காகக் காத்திருக்கிறாள்.

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் பெட்டி வந்ததும் மூன்று அலுவலகங்கள் பார்க்க வேண்டும்: விமான நிலைய சுகாதார அலுவலகம், குடிவரவு, சுங்கம். இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட்டின் நகல் ஆகிய நான்கும் இருந்தால் பெரிதாகத் தாமதமாவதில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய ‘இ-கேர்’ இணையதளத்தில் உடல் கிளம்பும்போதே இவற்றை ஏற்றிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு கொடுமையான நாளும் இருந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது அபுதாபியிலிருந்து டெல்லிக்கு வந்த மூன்று இந்தியர்களின் உடல்களை, உத்தரவு இல்லை என்று இறக்கவிடாமல் அதே விமானத்தில் திருப்பியனுப்பினார்கள். பிறகு இரண்டு மூன்று நாளில் வழிமுறை வெளியானது. ஒரு சுற்றறிக்கை தாமதமானதால், செத்தவர்கள் இரண்டாம் முறை நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள்.

முனையத்தின் வெளியே நிற்கும் உறவினர் நான்கைந்து பேர். பெரும்பாலும் மச்சான், சித்தப்பா, ஒரு கட்சிக்காரர். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் பெயர், ரத்தான பாஸ்போர்ட்டின் எண், பெறுபவரின் கைபேசி எண். எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாசிப்பார்கள். பெட்டி மாறிப்போன கதைகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிறகு வண்டி கத்திப்பாரா தாண்டி, அண்ணா சாலை வழியாகக் கடற்கரைக்கு வந்து வடக்கே திரும்பும்.

தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். ஷாமியானா போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும். வடசென்னைச் சாவுக்கு ஒரு வீச்சு உண்டு: மேளம், விடியவிடியக் கானா, பூப்பல்லக்கு. வெளிநாட்டுச் சாவில் அதெல்லாம் அவசரமாகிவிடுகிறது. ஐஸ்பெட்டியில் வைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழுவதற்கு இந்தப் பெட்டி இடம் கொடுப்பதில்லை. திறக்கலாமா என்பதில் வீட்டுக்குள்ளேயே தகராறு வரும். திறக்கவேண்டாம், பார்க்கிற நிலையில் இருக்காது என்பார்கள் பெரியவர்கள். முகத்தையாவது காட்டுங்கள் என்பார்கள் பெண்கள். பெண்கள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர் தடைசொல்லாத வரை முகம் பார்க்காமல் அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப் வழியாக வந்த சாவை மனம் ஏற்பதற்கு வேறு வழி கிடையாது. அதன்பின் அவரவர் வழக்கப்படி மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கோ காசிமேட்டுக் கல்லறைக்கோ கொண்டுபோகிறார்கள்.

எல்லோரும் உடலைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சீக்கிரம் அடக்கம் செய்வதே மரியாதை என்று கருதும் இஸ்லாமியக் குடும்பங்கள் பல, அங்கேயே அடக்கத்துக்குச் சம்மதிக்கின்றன. இந்துக் குடும்பங்களுக்கு அமீரகம், ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளில் தகனத்துக்கு இடமிருக்கிறது. சவூதியில் தகனம் கிடையாது. ஆகவே உடல் வராவிட்டால், எரிக்கும் வழக்கமுள்ள வீட்டுப்பிள்ளை முன்பின் தெரியாத மண்ணில் புதைபடுகிறான். செலவைச் சமாளிக்கமுடியாமல் இதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களை யாரும் குறைசொல்ல முடியாது.

கேரளம் வெளிநாடுவாழ் கேரளத்தவர்க்கென்று ‘நோர்கா’ துறையை 1996இலேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 2011இல் சட்டம் இயற்றினோம். அதன்படி நல வாரியம் அமைய மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவரை 22 லட்சம் பேர் அளவுக்குக் கணக்கிட்டிருந்தும் இந்தத் தாமதம். இன்று துறை இருக்கிறது, வாரியம் இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் மனுக்கொடுத்தால் அது அயலகத் தமிழர் நலத்துறை வழியாகத் தூதரகத்துக்குப் போகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ என்ற குறைதீர் தளத்தில் நேரடியாகவும் பதியலாம். இவ்வளவும் இருந்தும், மனு போன பிறகு அது எங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. குவைத், சவூதி, கத்தார் அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. சென்னை அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு. வியாழன் மாலை இறந்தவரின் கோப்பை இரண்டு பக்கமும் ஒரே நாளில் திறந்துபார்க்கத் திங்கள் ஆகிவிடும். தூதரகங்கள் சாவுக்கு மட்டும் விடுமுறையிலும் தொலைபேசி எடுக்கின்றன. அந்த எண்ணுக்குப் பேசி, இந்தக் காகிதம் வேண்டும், அந்தக் கடிதம் போய்ச்சேர்ந்தது என்று வீட்டாருக்குத் தமிழில் சொல்ல இந்தப் பக்கம் ஒருவர் வேண்டும்.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரில், சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. மீனவர் குடும்பத்தில் பிறந்து 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தியவரின் பெயர் தாங்கிய கட்டடம். அங்கே வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இயங்கும் ஒரு மேசை போடலாம். அரபி தெரிந்த ஒருவர், கப்பல் சட்டம் தெரிந்த ஒருவர் போதும். போகிறவர்களும் அதே மேசைக்கு வந்து பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், கஃபீலின் எண், உடன் தங்குபவரின் எண் ஆகியவற்றின் நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம். காப்பீட்டைப் பொறுத்தவரை செய்யவேண்டியது இன்னும் எளிது: பாஸ்போர்ட்டில் பத்தாம் வகுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வேலை விசாவில் வெளியேறும் ஒவ்வொருவருக்கும் அந்த 275 ரூபாயைக் கட்டாயமாக்க வேண்டும். இயற்கை மரணத்துக்கும் அதில் ஒரு தொகை சேர்க்க வேண்டும். தவணை இன்னும் நூறு ரூபாய் கூடினாலும் யாரும் மறுக்கமாட்டார்கள்.